கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதிய பெயர்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்று ஒரு நகரம். அங்கே 1950களில் ஃபெண்டர் நிறுவனம் செய்த எலக்ட்ரிக் கிட்டார்கள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. அவற்றில் சிலவற்றின் கழுத்தை உடலோடு இணைக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றினால், கழுத்தின் அடிப்பகுதியில் பென்சிலால் எழுதிய இரண்டு எழுத்துகள் தெரியும்: டி.ஜி. தடேயோ கோமஸ் என்ற தொழிலாளியின் பெயர்ச் சுருக்கம் அது. மரத்தை இழைத்து, கைக்கு இதமாக வளைவு கொடுத்து, வேலை முடிந்ததும் அவர் இட்ட அடையாளம்.

கிட்டாரின் தலையில் பளிச்சென்று பொறிக்கப்பட்டிருப்பது முதலாளி லியோ ஃபெண்டரின் பெயர். அவர் ரேடியோ பழுதுபார்ப்பவராக இருந்து தொழில் தொடங்கியவர்; கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆனாலும் கருவியைச் செய்வித்தவர் என்பதால் உலகம் முழுவதும் அவரைத் தெரியும். கோமஸின் பெயரோ மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே மறைந்து கிடந்தது. இன்று பழைய கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடிப் பார்க்கிறார்கள்.

ஒரு இசைக்கருவியில் யாருடைய பெயர் தங்குகிறது, யாருடைய பெயர் அழிகிறது? இந்தக் கேள்வியோடுதான் இந்த வாரம் கிட்டார் பட்டறைக்குள் நுழைகிறோம். தோலும் மரமும் தொட்டு வாழ்ந்த மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

ஆறு கம்பி போதாதபோது

சினிமாவிலும் கல்லூரி மேடையிலும் நாம் பார்க்கும் கிட்டாருக்குப் பொதுவாக ஆறு கம்பிகள். அதன் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. அதைவிடக் கனமான, அடித்தொண்டைக் குரல் போன்ற ஒலி வேண்டுமென்றால் கம்பிகளைக் கூட்ட வேண்டும். ஏழு கம்பி, எட்டுக் கம்பிக் கிட்டார்கள் அப்படித்தான் வந்தன.

ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930களிலேயே ஏழு கம்பிக் கிட்டார் வாசித்தார். 1990இல் ஜப்பானின் இபனெஸ் நிறுவனம், ஸ்டீவ் வாய் என்ற கலைஞரோடு சேர்ந்து ஏழு கம்பி எலக்ட்ரிக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994இல் வெளிவந்த கார்ன் இசைக்குழுவின் முதல் ஆல்பம் அந்தக் கனத்த ஒலியை இளைஞர்களிடம் பரப்பியது. ஸ்வீடனின் மெஷுகா குழு எட்டுக் கம்பிக்குப் போனது. பொதுவாக எட்டாவது கம்பியின் அதிர்வு நொடிக்கு 46 முறைதான்.

தொழிற்சாலை எப்போதும் அதிகம் விற்கும் பொருளையே செய்யும். ஒரு கலைஞரின் மனதில் மட்டும் இருக்கும் ஒலிக்கு, கையால் செய்யும் கைவினைஞரைத்தான் தேடிப் போக வேண்டும். ஜாஸ் கலைஞர் சார்லி ஹன்டர் அப்படிப் போனவர். பேஸ் கிட்டாரையும் சாதாரண கிட்டாரையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ரால்ஃப் நோவாக் என்ற கைவினைஞர் அவருக்கு எட்டுக் கம்பிக் கருவி செய்து கொடுத்தார். கீழே மூன்று கம்பி பேஸுக்கு. மேலே ஐந்து கம்பி கிட்டாருக்கு. ஹன்டரின் இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நோவாக்கின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

மரம் கருவியாகும் வழி

எட்டுக் கம்பி என்றால் இரண்டு கம்பியைக் கூடுதலாகக் கட்டினால் போதாதா? போதாது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். இறுக்கிக் கட்டினால் விண்ணென்று நிற்கும், தளர்த்தினால் தொய்யும். கம்பியைத் தாழ்ந்த ஒலிக்குத் தளர்த்தினாலும் அதே கதைதான். எனவே கம்பியைத் தடிமனாக்க வேண்டும், நீளத்தையும் கூட்ட வேண்டும். வழக்கமான ஃபெண்டர் கிட்டாரில் அதிரும் கம்பியின் நீளம் 25.5 அங்குலம். எட்டுக் கம்பிக் கிட்டாரில் அது பெரும்பாலும் 27 அங்குலம்.

மெல்லிய கம்பிக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. அதிகம் இழுத்தால் அறுந்துபோகும். இதற்கு நோவாக் பயன்படுத்திய வழி எளிமையானது. தடித்த கம்பிக்கு நீளம் அதிகம், மெல்லிய கம்பிக்குக் குறைவு என்று வைத்தார். அப்படி வைத்தால் கழுத்தின் மேல் பதிக்கும் மெட்டுகள் நேர்க்கோடாக இல்லாமல் விசிறி மடிப்பு போலச் சாய்ந்து நிற்கும். இந்த அமைப்புக்கு அவர் 1989இல் காப்புரிமை பெற்றார்.

அடுத்தது கழுத்து. ஆறு கம்பிகள் சேர்ந்து இழுக்கும் விசையே 45 கிலோ எடைக்கு மேல். எட்டுக் கம்பியில் அது 60 கிலோவைத் தொடும். ஒரு நெல் மூட்டையின் கனத்தை ஒரு மரச்சட்டம் இரவும் பகலும் தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பலகையில் செய்த கழுத்து நாளாக வளைந்துவிடலாம். அதனால் மேப்பிள், வால்நட் போன்ற மரங்களை நீளப் பட்டைகளாக அறுத்து, ஒன்றின் ரேகைக்கு மற்றொன்றின் ரேகை எதிராக வரும்படி ஒட்டி, இறுக்கிக் காயவைக்கிறார்கள். மரம் முன்பே நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பிறகு முறுக்கிக்கொள்ளும். இது நம் ஊர் ஆசாரிக்கும் தெரிந்த பாடம்தான்.

கழுத்துக்கு நடுவே ஒரு பள்ளம் வெட்டி இரும்புத் தண்டு ஒன்றைப் பதிக்கிறார்கள். அதன் முனையிலுள்ள மறையைத் திருகினால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யலாம். இதைக் கண்டுபிடித்தவர் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த தேடியஸ் மெக்யூ. 1920களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை வாங்கப்பட்டது. அந்த ஆவணத்தில் தொழிலாளியான அவருடைய பெயர் இருக்கிறது.

பிறகு மெட்டுகள். வீணையில் மெழுகின் மேல் பதிப்பார்கள். கிட்டாரில் மரத்தில் மெல்லிய வெட்டுப் போட்டு அதில் அடித்து இறக்குவார்கள். எந்த இடத்தில் வெட்டுவது? இங்கேதான் பள்ளிக்கூடக் கணக்கு உதவுகிறது. கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். 27 அங்குலம் என்பது 685.8 மில்லிமீட்டர். முதல் மெட்டு 38.5 மில்லிமீட்டரில் வரும். மீதி 647.3. அதை மறுபடி 17.817ஆல் வகுத்தால் 36.3; இரண்டாவது மெட்டு அத்தனை தள்ளி. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதியில் வந்து நிற்கும். அங்கே ஒலி ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

கைவினைஞர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருப்பார்கள். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டை அளக்க மாட்டார்கள். எல்லாத் தூரத்தையும் கழுத்தின் தலைமுனையிலிருந்தே அளப்பார்கள். இல்லாவிட்டால் சின்னச் சின்னப் பிசகுகள் ஒன்றோடொன்று கூடி, கடைசி மெட்டில் சுருதி கெட்டுவிடும்.

தலைமுடி போன்ற கம்பி, ஒரு பெண்ணின் கை

எலக்ட்ரிக் கிட்டாருக்கு உயிர் கொடுப்பது பிக்கப் என்னும் பகுதி. பம்புசெட் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் கடையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காந்தத்தைச் சுற்றித் தாமிரக் கம்பிச் சுருள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கினால் ஒலிபெருக்கியில் இசை. ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் என்று புத்தகத்தில் படிப்பது இதுதான்.

அந்தத் தாமிரக் கம்பி தலைமுடி அளவுதான் இருக்கும். ஒரு பிக்கப்புக்கு ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. இழுத்துச் சுற்றினால் அறுந்துபோகும். தளர்ந்தால் ஒலி கெடும். ஃபெண்டர் நிறுவனத்தில் 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வேலையில் கைதேர்ந்தவராக இருந்தார். ஆரம்பத்தில் அவர் தொழிற்சாலை வரிசையில் அமர்ந்த பெண்களில் ஒருவர். பின்னாளில் அவர் கையால் சுற்றிக் கையொப்பமிட்ட பிக்கப்புகளுக்காகக் கிட்டார் கலைஞர்கள் காத்திருந்தார்கள்.

முதலாளியின் பெயரே தலையில் மின்னும் ஒரு தொழிலில், கோமஸும் இபாராவும் தங்கள் வேலையின் தரத்தால் தங்கள் பெயரை நிறுத்தினார்கள். அங்கேயும் நியாயம் முழுதாகக் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கருவி செய்த கை எது என்று கேட்பதை அந்த இசை உலகம் அறிவு என்று மதிக்கக் கற்றுக்கொண்டது.

மிருதங்கத்தில் யார் பெயர்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். மிருதங்கத்துக்குப் பலாமரம் வேண்டும். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, அளவாக வெட்டி, வார் இழுத்துச் சுருதி கூட்டுகிற வேலையைத் தமிழ்நாட்டில் தலைமுறைகளாகச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தோலின் மேல் விரல் வைத்து வாசிப்பவருக்கு மேடை. அந்தத் தோலைத் தொட்டுப் பதப்படுத்தியவருக்குத் தீட்டு. ஒரே தோல், இரண்டு மதிப்பு.

பாலக்காடு மணி ஐயரின் பெயர் கர்நாடக இசை கேட்கும் எல்லோருக்கும் தெரியும். அவர் தேடிய நாதத்துக்காகக் கருவியை மாற்றி மாற்றிச் செய்து பார்த்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹன்டருக்கு நோவாக் எப்படியோ அப்படித்தான் மணி ஐயருக்குப் பர்லாந்து. பாடகர் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக 2020இல் கொண்டுவந்தார். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. சென்னையின் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் விழா நடந்தது. கருவி செய்தவர்களின் பெயரைச் சொல்லும் ஒரு புத்தகத்துக்கே இடம் தேட வேண்டியிருந்தது.

வேலையைப் பகுத்துக்கொள்வது வேறு, வேலை செய்யும் மனிதர்களை மேல் கீழாக அடுக்குவது வேறு என்பதை அம்பேத்கர் 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ உரையில் விளக்கிவிட்டார். வாசிப்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர் என்பது வேலைப் பகிர்வு. அதில் குற்றமில்லை. செய்பவர் இன்ன சாதியில்தான் பிறந்திருப்பார், அவர் பெயரை மேடையில் சொல்லத் தேவையில்லை என்பதுதான் குற்றம்.

இதற்காக நம் பிள்ளைகள் பரம்பரைத் தொழிலுக்கே திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால், அதையும் நாம் ஏற்க முடியாது. விரும்பிய தொழிலுக்குப் போகும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. நாம் கேட்பது இவை: கச்சேரி மேடையில் பக்கவாத்தியக்காரரின் பெயரைச் சொல்லும்போது கருவியைச் செய்தவரின் பெயரையும் சொல்லுங்கள். வாசிப்புக்கு விருது இருப்பது போலச் செய்நேர்த்திக்கும் விருது வையுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற, சான்றிதழும் நியாயமான கூலியும் தருகிற தொழிலாகக் கருவி செய்தலை மாற்றுங்கள். தோல் வேலையின் மேல் ஒட்டியிருக்கும் தீட்டு அப்போதுதான் உதிரும்.

ஒரு கம்பியில் தொடங்கலாம்

2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேறியபோது, கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. அதைப் பார்த்து வாசிக்க ஆசைப்பட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. செய்யவும் ஆசைப்படலாம் என்று அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டும்.

எட்டுக் கம்பிக் கருவிக்கு நல்ல மரமும் துல்லியமான கருவிகளும் வேண்டும், பணமும் ஆகும். ஆனால் தொடக்கம் அத்தனை பெரிதல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பிள்ளைகள், துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டினார்கள். கம்பிக்கு அடியில் ஒரு பாட்டிலைச் செருகினார்கள். டிட்லி போ என்று அதற்குப் பெயர். ப்ளூஸ் இசையின் பெரிய கலைஞர்கள் பலர் முதலில் தொட்ட கருவி அந்த ஒற்றைக் கம்பிதான். சுருட்டுப் பெட்டியில் கழுத்தைச் செருகிக் கிட்டார் செய்தவர்களும் உண்டு.

ஒரு பலகை, ஒரு கிட்டார் கம்பி, சுருதி கூட்ட ஒரு முறுக்காணி, ஒரு அளவுகோல். 17.817 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மெட்டுகளின் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்து மீட்டினால் கணக்கு சரியா, தப்பா என்பதைக் காதே சொல்லிவிடும். மாணவர்கள் இதை அறிவியல் கண்காட்சிக்குச் செய்யலாம். மரவேலையும் எலக்ட்ரீஷியன் தொழிலும் படிக்கும் ஐ.டி.ஐ. மாணவர்கள் இன்னும் இரண்டு படி மேலே போகலாம்.

செய்து முடித்ததும் உங்கள் பெயரை அதில் எழுதுங்கள். கழுத்தின் அடியில் வேண்டாம். எல்லோர் கண்ணிலும் படும்படி தலையிலேயே எழுதுங்கள்.