தேயிலைத் தோட்டமும் தேயிலை பறிப்பவரும்: இலக்கணம் கற்பித்தலில் கலைச்சொல்லும் விளக்கமும்

மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைச்சாலையில் அமைந்த பர்லியார், மங்குஸ்தானும் ஜாதிக்காயும் விளையும் அரசுப் பழப்பண்ணையால் அறியப்படுவது. அதற்குமேல் சாலை ஏற ஏறத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. நீலகிரி வகுப்பறைகளில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவருடன் படுக மொழி, மலையாளம், கன்னடம், இருளர் மொழி முதலியவற்றைப் பேசுவோரும் அமர்கின்றனர். இத்தகைய வகுப்பில் இலக்கணத்தைக் கலைச்சொற்களால் கற்பிப்பதா, எளிய விளக்கங்களால் கற்பிப்பதா என்னும் வினா கொள்கையளவில் நின்றுவிடுவதில்லை. மாணவரின் எழுத்தில் பிழையாகவே வெளிப்படுகிறது. வல்லினம் மிகுதல் இதற்குத் தக்க சான்று.

‘தேயிலைத் தோட்டம்’, ‘தேயிலை பறித்தாள்’, ‘தேயிலையைப் பறித்தாள்’ ஆகியவற்றை நோக்குக. மூன்றாவதில் ஐ உருபு வெளிப்பட்டு நிற்றலின் வலி மிகுந்தது. இதில் இடர்ப்பாடு இல்லை. முதலிரண்டையும் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று மட்டும் கூறினால், ஒன்றில் மிகுதலும் மற்றொன்றில் மிகாமையும் விளங்கா. ‘ஒலித்துப் பார்த்து எழுதுக’ என்னும் அறிவுரை தமிழ் கேட்டு வளர்ந்த செவிக்கே ஓரளவு உதவும். பிறர்க்கு அது வெறுஞ்சொல். ‘பின்னால் பெயர் வந்தால் மிகும், வினை வந்தால் மிகாது’ என எளிமைப்படுத்துவாரும் உளர். ‘தேயிலை பறிப்பவர்’ என்ற தொடரிலேயே அவ்விதி முறிகிறது. ‘பறிப்பவர்’ வினையாலணையும் பெயர். ஆயினும் வலி மிகவில்லை.

மாணவரையே தொடர்களை விரிக்கச் செய்வது பயனுடையது. ‘தேயிலையைப் பறிப்பவர்’ என உருபைச் சேர்த்ததும் பொருள் நிரம்புகிறது. ‘தேயிலையைத் தோட்டம்’ என்பது நிரம்பாது. ‘தேயிலையைக் கொண்ட தோட்டம்’ என இன்னொரு சொல்லும் வேண்டும். மறைந்தது உருபு மட்டுமா, உருபுடன் ஒரு சொல்லுமா? இவ்வினாவின் விடையைத்தான் ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்னும் பெயர் சுருங்கச் சொல்கிறது. இங்குப் ‘பயன்’ என்பது நன்மையன்று. உருபின் பொருளை முடித்துவைக்கும் சொல். ‘தொகுதல்’ மறைதலைக் குறிப்பது. இவ்விரண்டையும் உணர்த்தாது பெயரை மட்டும் மனப்பாடம் செய்விப்பதால், இலக்கண வினாவில் முழு மதிப்பெண் பெறும் மாணவர் கட்டுரையில் பிழைபட எழுதுகிறார். குறை கலைச்சொல்லினுடையதன்று, அது வகுப்பில் நுழையும் நேரத்தினுடையது.

எல்லாக் கலைச்சொற்களும் இவ்வாறு விளக்கம் பொதிந்தவை அல்ல. ‘பழுத்த மங்குஸ்தான்’ என்பதில் ‘பழுத்த’ ஒரு பெயரை எதிர்நோக்கி எஞ்சி நிற்பதைப் ‘பெயரெச்சம்’ என்னும் சொல்லே காட்டுகிறது. ‘இரண்டாம் வேற்றுமை’ என்பதோ வரிசையெண்ணன்றி வேறொன்றும் கூறாது. தொல்காப்பியர் எண்ணுடன் ‘ஐ’ என்னும் உருபின் பெயரையும் சேர்த்தே வழங்கினார். தொடக்க நிலையில் ‘ஐ வேற்றுமை’ என்று கூறுவது மரபுமீறல் ஆகாது.

உதகையில் பள்ளி நடத்திய ஜி. யு. போப், தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு வினாவிடை வடிவில் இலக்கண நூல் எழுதினார்; தமிழறியாது வந்தோர்க்குப் பாடம் பாடமாகப் படிநிலையில் அமைந்த கைந்நூலை 1855இல் தனியே வெளியிட்டார். அவர் பிரித்துவைத்த இருவகைக் கற்போரும் இன்று நீலகிரியில் ஒரே வகுப்பில், ஒரே பாடநூலுடன் உள்ளனர். ‘தேயிலைத் தூள்’, ‘தேயிலை பறிப்பு’ என அவர்கள் நாளும் காணும் சொற்களை முதலில் விரிக்கச் செய்து, அதே பாடவேளையில் பெயரையும் தருவது ஆசிரியர்க்கு இயலும்.