வெண்ணெய்ப்பழமும் மாத்திரைச் சீட்டும்

பேலியோ உணவுமுறை தொடங்கும் வீட்டில் முதல் வாரத்திலேயே அரிசி டின்னும் கோதுமை மாவும் சர்க்கரை டப்பாவும் இடம் மாறிவிடுகின்றன. இட்லி, தோசை, சோறு இருந்த தட்டுக்கு முட்டை, ஆட்டுக்கறி, கீரை, பாதாம், நெய், வெண்ணெய்ப்பழம் வந்து சேர்கின்றன. மாறாமல் இருப்பது மாத்திரை டப்பா ஒன்றுதான். சோறு சாப்பிட்ட நாட்களுக்கு எழுதித் தந்த அதே மாத்திரை, அதே அளவில், சோறில்லாத தட்டுக்கு முன்னாலும் விழுங்கப்படுகிறது. இந்த உணவுமுறையில் எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான்.

கற்கால மனிதன் தின்றதை ஒட்டி நாமும் சாப்பிடலாம் என்ற கருத்தை மருத்துவ உலகில் பேசவைத்தது, 1985இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. 2002இல் லோரன் கார்டெய்ன் அதைப் புத்தகமாக்கிப் பரப்பினார். கார்டெய்னின் முறையில் பால் பொருட்களுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் பரவிய பேலியோவில் நெய்யும் வெண்ணெயும் பனீரும் தாராளமாக உண்டு. மாவுச்சத்துக்குத்தான் கடும் கட்டுப்பாடு. பலர் ஒரு நாளைக்கு 40, 50 கிராம் என்று எல்லை போட்டுக்கொள்கிறார்கள். மதியம் சாப்பிடும் ஒரு தட்டுச் சோற்றிலேயே அதைவிட அதிகமாக மாவுச்சத்து இருக்கும். அப்படியானால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள்.

வெண்ணெய்ப்பழத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் விளைகிற பழம் இது. சந்தையில் பட்டர் ஃப்ரூட் என்றால்தான் பலருக்குத் தெரியும். நெடுங்காலம் ஜூஸ் கடையில் பாலும் சீனியும் கலந்து மட்டுமே நாம் இதைக் குடித்தோம். 100 கிராம் சதையில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு. அதில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகை. மாவுச்சத்து எட்டரை கிராம் என்றாலும், அதில் ஏழு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நார்ச்சத்து. மீதியிருக்கும் இரண்டு கிராம் ரத்தச் சர்க்கரையை அசைப்பதில்லை. இரண்டாக வகுந்து கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் கரண்டியால் வழித்து, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தால் ஆம்லெட்டுக்கு அருமையான துணை. வயிறும் நிறையும்.

இனி மாத்திரைக்கு வருவோம். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நம்மில் பலர் தினமும் விழுங்குவது இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும்தான் என்று நினைத்திருப்பார்கள், கூடவே கிளிமிபிரைடும் இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாறும் பேச்சு எல்லாம் சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். கருவியில் 70க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "நான் பேலியோவில் இருக்கிறேன், சீனி தொடமாட்டேன்" என்ற வைராக்கியத்துக்கு இது நேரமில்லை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

இன்னொரு வகை மாத்திரை இதைவிடக் கவனம் கேட்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025இலும் நம் நாட்டில் முடிந்ததால் விலை இறங்கி, இன்று சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள்தான். ஆனால் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தவர்களுக்கு இவற்றால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதை எச்சரித்தது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் சர்க்கரை அளவு 150, 200 என்று சாதுவாக நிற்கும். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு என்று போகிறவரை கேஸ் டிரபிள் என்று திருப்பி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த உணவுமுறையில் இருக்கிறீர்கள் என்ற இரண்டையும் அவசரப் பிரிவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கீட்டோன் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிறுநீரகம் பலவீனப்பட்டவர்களுக்கு வெண்ணெய்ப்பழமே பிரச்சினையாகலாம். 100 கிராமில் 480 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம், வாழைப்பழத்தைவிட அதிகம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர்களுக்கு பொட்டாசியம் ஏற்கெனவே உடம்பில் தங்கப் பார்க்கும். கிரியாட்டினின் கூடியிருப்பவர்கள் பழம், இளநீர் இரண்டையும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும். காலை உணவாக நூறு பாதாம் என்ற பழக்கம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது. பாதாமில் ஆக்சலேட் மிகுதி. ரப்பர் கையுறை ஒவ்வாதவர்களில் சிலருக்கு வெண்ணெய்ப்பழமும் ஒவ்வாது, உதடும் நாக்கும் தடித்துவிடும்.

ஆகவே தொடங்குவதற்கு முன்பே சர்க்கரை, எச்பிஏ1சி, கிரியாட்டினின், பொட்டாசியம், கொழுப்பு அளவுகளைப் பார்த்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அவர் நேரமில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். அவரிடம் காட்டப் பழைய பதிவுகள் வேண்டுமா? ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றிருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

ஆலோசனை சொன்னவர் யார் என்பதும் முக்கியம். பணம் வாங்கிக்கொண்டு டயட் அட்டவணை தருகிறவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறார். அலட்சியத்தால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். இலவசமாகத் தரும் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது. முகம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்ன யோசனையை நம்பி மாத்திரையை விட்டவருக்கு நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்க வழியில்லை.

கடைவீதியிலும் கண் வேண்டும். பேலியோ என்ற சொல்லுக்கு நம் உணவுச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பனீர் என்று நினைத்து வாங்குவது பாமாயிலில் செய்த போலியாக இருக்கலாம். சட்டப்படி அதைப் பனீர் என்ற பெயரில் விற்கக் கூடாது. பனீர்த் துண்டில் அயோடின் விட்டுப் பார்த்து நீலமானால் மாவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். பாமாயிலை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. விலை உயர்ந்த வெண்ணெய்ப்பழ (அவகாடோ) எண்ணெயிலும் கலப்படம் உண்டு. 2020இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 22 பாட்டில்களைச் சோதித்தபோது, பெரும்பாலானவை கெட்டுப்போயோ வேறு எண்ணெய் கலந்தோ இருந்தன. மூன்றில் ஏறக்குறைய முழுவதும் சோயா எண்ணெய். நான் பழத்தையே வாங்கச் சொல்வேன்.

பழத்தைக் காயாகவே வாங்குங்கள். இது மரத்தில் பழுப்பதில்லை, பறித்த பிறகுதான் பழுக்கும். ஒரு வாழைப்பழத்தோடு தாளில் சுற்றி வைத்தால் சில நாளில் காம்புப் பக்கம் மெத்தென்று அழுந்தும். நாட்டு ரகங்கள் சில பழுத்தும் பச்சையாகவே இருக்கும் என்பதால் நிறத்தை நம்ப வேண்டாம். எந்தப் பழத்தையும் கல் வைத்துப் பழுக்கவைப்பது, அதாவது கால்சியம் கார்பைட் பயன்படுத்துவது, தடைசெய்யப்பட்ட குற்றம்; எத்திலீன் வாயுவுக்கு மட்டும் குறிப்பிட்ட அளவில் அனுமதி உண்டு.

சந்தேகம் வந்தால் பில்லும் பாக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். உணவு வியாபாரிகள் தங்கள் 14 இலக்க உரிம எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும் என்பது 2022இலிருந்து நடைமுறை. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். "இந்தப் பொடி சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று ஓர் உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்புங்கள்.

அதிகம் பேசப்படாத ஓர் உரிமையும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். கிண்டி, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டையில் ஆய்வகங்கள் உள்ளன. பொருள் சட்டத்தை மீறியதென்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.