14 விநாடிகள்... மூன்று உயிர்கள்... ஒரு கைக்கடிகாரம்!

முகப்பில் மூன்று குட்டி வட்டங்கள், சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள். இப்படி ஒரு கைக்கடிகாரத்தைப் பார்த்தால், 'சும்மா அழகுக்கு' என்றுதான் தோன்றும். ஆனால், அதற்குள் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. அதன் பெயர் 'குரோனோகிராஃப்'.

விண்வெளியில் மூன்று பேர் உயிர் பிழைக்க இது உதவியிருக்கிறது!

1970 ஏப்ரலில் நிலவுக்குச் சென்ற அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார்கள். பூமிக்குத் திரும்பும் பாதையோ லேசாக விலகியிருந்தது. அதைச் சரிசெய்ய, எஞ்சினை 14 விநாடிகள் இயக்க வேண்டும். கோணம் தவறினால் உயிரோடு திரும்ப முடியாது.

ஜிம் லவலும் ஃபிரெட் ஹெய்ஸும் கலத்தைத் திசை மாறாமல் பிடித்துக்கொள்ள, ஜாக் ஸ்விகர்ட் தன் கையிலிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைப் பார்த்து விநாடிகளைக் கணக்கிட்டார். ஏப்ரல் 17 அன்று மூவரும் பத்திரமாகப் பசிபிக் கடலில் வந்து இறங்கினார்கள்.

அந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் சுருளும் ஸ்பிரிங், மெல்ல விரிந்து சக்கரங்களைச் சுழற்றும். மேல் பொத்தானை அழுத்தியதும், ஒரு குட்டிப் பல்சக்கரம் நகர்ந்து வந்து ஸ்டாப்வாட்ச் சக்கரத்தோடு பல்லைக் கோத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட பைக்கின் கிளட்ச் மாதிரி! நடுவிலிருக்கும் நீண்ட முள் உடனே ஓடத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் பல்சக்கரம் விலக, முள் நிற்கும். வழக்கமான நேரம் மட்டும் தடையின்றி ஓடிக்கொண்டே இருக்கும்.

கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் பூஜ்ஜியத்துக்குத் தாவும். முள்ளின் அச்சில் இதய வடிவத் தகடு ஒன்று இருக்கிறது. அதன்மீது குட்டிச் சுத்தியல் விழுந்ததும், முள் எங்கே நின்றிருந்தாலும் தகடு சுழன்று பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஸ்பீட்மாஸ்டரின் இடது வட்டம் வழக்கமான விநாடிகளைக் காட்டும். ஸ்டாப்வாட்ச் ஓடும்போது வலது வட்டம் 30 நிமிடங்கள் வரையும், கீழ் வட்டம் 12 மணி நேரம் வரையும் கணக்கு வைக்கும். நீண்ட முள் நகராமல் நின்றால் கடிகாரம் ரிப்பேர் என்று பதற வேண்டாம். பொத்தானுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்!

விளிம்பிலுள்ள எண்கள் வேகத்தைச் சொல்லும். கார் 1 கி.மீ. கடக்க 45 விநாடிகள் ஆனால், முள் காட்டும் எண் 80. அதாவது மணிக்கு 80 கி.மீ.!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சாதாரண மெக்கானிக்கல் குரோனோகிராஃபில், முள் ஓடும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்தினால் உள்ளே பழுதாகலாம். முதலில் நிறுத்துங்கள், பிறகு பூஜ்ஜியமாக்குங்கள்.