கட்சி வேற... வீடு ஒண்ணுதானே!

தேர்தல் நேரத்தில் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பாவோடு மோதி, இன்னும் பேசாமல் இருக்கிறீர்களா? நீங்கள் மட்டுமில்லை. அமெரிக்காவிலும் ட்ரம்ப் ஆதரவு, எதிர்ப்பு என்று ஒரே வீட்டுக்குள் பேச்சு முறிந்த குடும்பங்கள் உண்டு.

இதற்கு நம்ம புதுக்கோட்டையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பக்கத்துத் திருமயத்தில் பிறந்தவர். இருவருமே புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்தவர்கள். தேவதாசி முறையை ஒழிக்க, சென்னை மாகாணச் சட்டசபையில் 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார் முத்துலட்சுமி. அந்த முயற்சியை எதிர்த்தார் சத்தியமூர்த்தி.

பல பெண்களின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட விஷயம். கோபம் வராமல் இருக்குமா? அதற்குத்தான் சபைக்கென்று ஒரு முறை. எதிராளியைப் பார்த்து அல்ல, தலைவரை நோக்கித்தான் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். முத்துலட்சுமி கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை, வாதாடிக்கொண்டே இருந்தார். முழு ஒழிப்புச் சட்டம் 1947-ல் வந்தது.

வீட்டிலும் இதைச் செய்து பாருங்களேன்:

* அவர் சொல்லி முடிக்கட்டும், குறுக்கே பேசாதீங்க.
* திட்டத்தைப் பற்றிப் பேசுங்க. 'உங்க ஆளுங்களே இப்படித்தான்' வேண்டாம்.
* குரூப்பில் எல்லோர் முன்னாலும் பதில் போடாமல், நேரில் போய்ப் பேசுங்க.

மரியாதையாகப் பேசினால் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. அடுத்த முறையும் பேச வழி இருக்கும், அவ்வளவுதான். சித்தப்பா நம்பர் உங்க போனில் இன்னும் இருக்குதானே?