‘சொந்த ஊர் எது?’: வாடகை வீடு தேடும் தலித் இளைஞரும் 1955இன் சட்டமும்

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான இளைஞர்கள் பட்டம் பெற்றதும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு என எந்த வட்டத்திலிருந்து புறப்பட்டாலும், வேலை உறுதியானதும் எழும் முதல் கேள்வி எங்கே தங்குவது என்பதே. அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை எளியது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குச் செலவிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் பணியிடத்தை அடைய வேண்டும். தண்ணீரும் பேருந்தும் இருக்க வேண்டும். தலித் இளைஞர் ஒருவர் இவற்றோடு நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: அந்தத் தெருவில் எனக்கு வீடு கொடுப்பார்களா?

இந்த நான்காவது கேள்வியை எழுப்பும் நடைமுறை 1955 முதலே இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் வீடு மறுக்கப்பட்டவர் அதைக் குற்றமாகக் கருதிக் காவல் நிலையம் செல்வது மிக அரிது. மறுப்பு எவ்வாறு நிகழ்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, சட்டத்தைப் பயன்படுத்த என்ன சான்று வேண்டும் என்பவற்றை வேலைக்குப் புறப்படும் முன்பே மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பரோடாவிலிருந்து தொடங்கும் வரலாறு

புதிய வேலைக்காக ஒரு நகரத்துக்குச் சென்று வீடு கிடைக்காமல் திரும்பியவர்களில் நாம் அனைவரும் அறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1917இல் வெளிநாட்டுக் கல்வியிலிருந்து திரும்பிய அவர், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்பதால் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேறச் சொன்னது. நகரில் இருந்த இரண்டு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரிடமும் இடம் கிடைக்கவில்லை. பூங்காவில் அமர்ந்து இரயிலுக்காகக் காத்திருந்து பம்பாய் திரும்பினார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர், மன்னரின் ஆதரவு பெற்றவர், கையில் அரசுப் பணி உடையவர். இத்தனை தகுதிகளும் ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை. படித்தால், சம்பாதித்தால் சாதி தானாக விலகும் என்னும் நம்பிக்கையை நூறாண்டுகளுக்கு முன்பே அந்தப் பதினொரு நாள்கள் உடைத்துவிட்டன. வீடு கிடைக்காததால் அவர் வேலையையே விட நேர்ந்தது. வாடகை வீடு என்பது வேலைவாய்ப்பு உரிமையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சாதி ஏற்றிவைக்கும் செலவு

தருமபுரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஓசூர் வழியாக இரயில் உண்டு; தேசிய நெடுஞ்சாலை 44 உண்டு. மின்னணு நகரிலோ பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலோ வேலை பெறுபவருக்குப் பல தெரிவுகள் இருப்பதாகத் தோன்றும். ஓசூரில் தங்கி நாள்தோறும் மாநில எல்லையைக் கடக்கலாம். அத்திப்பள்ளி, சந்தாபுரா பகுதிகளில் வீடு பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ திறக்கப்பட்டதால் சற்றுத் தள்ளியும் தங்கலாம்.

இத்தெரிவுகளின் விலையைச் சாதி மாற்றிவிடுகிறது. பெங்களூரில் ஐந்து முதல் பத்து மாத வாடகை வரை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் உண்டு. மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் 50,000 முதல் ஒரு இலட்சம் ரூபாய் வரை முதல் சம்பளத்துக்கு முன்பே வேண்டும். நிலமில்லாத குடும்பத்தில் அது பெரும்பாலும் வட்டிக் கடன்தான். முதல் வீடு மறுக்கப்பட்டால் அடுத்த வீட்டுக்குத் தரகர் கட்டணம். அதுவரை விடுதிச் செலவு. இறுதியில் கிடைக்கும் வீடு தொலைவில் இருந்தால் பயணச் செலவு. ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் பணியில் சேரும் இருவரில் ஒருவர் மட்டும் இந்தக் கூடுதல் தொகையைச் செலுத்துகிறார். அது எந்த இரசீதிலும் எழுதப்படுவதில்லை.

சொந்த ஊரின் நிலையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பெங்களூரு போன்ற நகரங்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகளும் அவற்றில் இருந்தன. ஊரில் கட்டிய வீட்டுக்குப் பாதுகாப்பில்லை என்று நகரம் செல்பவரிடம், நகரமும் ‘உன் வீடு எந்தப் பக்கம்?’ என்றே கேட்கிறது.

கேட்காமலே கேட்பது

தமிழர்கள் பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவது பெருமளவு நின்றுவிட்டது. அது திராவிட இயக்கத்தின் பெரும் சாதனை. ஆகவே வீட்டு உரிமையாளர் சுற்றி வளைத்துக் கேட்கிறார். சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது? அப்பா என்ன செய்கிறார்? அசைவம் உண்டா? இவற்றுள் எதுவும் தனித்து நின்றால் குற்றமில்லை. சேர்ந்து நின்றால் சாதிச் சான்றிதழுக்கு நிகர். பெங்களூரில் சாதியையே நேரடியாகக் கேட்பவர்களும் உண்டு.

இவற்றிலும் பிடிபடாதவரை ஆதார் அட்டையின் முகவரி காட்டிக்கொடுக்கிறது. ‘ஆதிதிராவிடர் காலனி’ என்று அச்சிடப்பட்ட முகவரிக்கு விளக்கம் தேவையில்லை. 2025 ஏப்ரல் 29 அன்று ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் ஏற்கெனவே கையில் இருக்கும் அட்டையில் பழைய முகவரி அப்படியே இருக்கிறது.

ஆய்வுகளும் இதை உறுதிசெய்கின்றன. சுகதேவ் தோரட் குழுவினர் 2012இல் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு தேடுவோரைத் தொலைபேசி வழியாகவும் நேரிலும் அனுப்பிச் சோதித்தனர். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, உயர்சாதியினருக்கு ஏறக்குறைய மறுப்பே இல்லை. தலித்துகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கும் வீடு அடியோடு மறுக்கப்பட்டது. இன்னும் பலருக்குக் கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. தில்லியில் இணையத்தள விளம்பரங்களுக்குப் பெயரை மட்டும் காட்டி விண்ணப்பித்துப் பார்த்த மற்றோர் ஆய்வில், முஸ்லிம் பெயர்களுக்கு எதிரான பாகுபாடு தெளிவாகத் தெரிந்தது. பட்டியல் சாதிப் பெயர்களுக்கு எதிராக அவ்வாறு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெயரளவில் தப்பிக்கும் தலித்தை அடுத்தடுத்த கேள்விகளும் நேர்ச்சந்திப்புமே வடிகட்டுகின்றன என்று கொள்ள இடமுண்டு. திரட்டப்பட வேண்டிய சான்றும் அங்கேதான் இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் பிரிவு 4, தீண்டாமையின் அடிப்படையில் எந்தெந்தத் தடைகளை விதிப்பது குற்றம் என்று வரிசைப்படுத்துகிறது. கிணறு, கடை பற்றிய பகுதிகளை நாம் அறிவோம். அதே பட்டியலின் எட்டாம் கூறு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதிலும் பெறுவதிலும் அதில் குடியிருப்பதிலும் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. தடை விதித்தல் என்பது பாகுபாடு காட்டுவதையும் உள்ளடக்கும் என்று அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும். பிரிவு 10இன்படி உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. சாதி கேட்டு வடிகட்டும் தரகருக்கும் இது பொருந்தும்.

இவற்றைவிட முக்கியமானது பிரிவு 12. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை எதிரிக்கு உரியது. ‘சாதிக்காகத்தான் மறுத்தார் என்று எப்படி நிரூபிப்பது?’ என்று நம்மைத் தயங்கவைக்கும் கேள்விக்குச் சட்டமே பாதி விடையை எழுதி வைத்திருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 மற்றொரு கருவி. குடியேறிய பின் சாதி தெரியவந்து வெளியேற்றப்பட்டால், வசிப்பிடத்தை விட்டு வெளியேறச் செய்தலைக் குற்றமாக்கும் பிரிவு 3(1)(z) இருக்கிறது. பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பொருந்தும். நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது பேசியது பொதுப் பார்வையில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டு வாயிலில் பிறர் காணும்படி பேசியது அடங்கும் என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் கூறியிருந்தது. ஆகவே எந்த இடத்தில், யார் முன்னிலையில் பேசப்பட்டது என்பதைப் புகாரில் தெளிவாக எழுத வேண்டும்.

தடைகளும் உண்டு. 2005இல் ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்னும் சங்க விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ‘எங்கள் சமூகத்தாருக்கு மட்டும்’ என்பவர்கள் நாடும் தீர்ப்பு இதுவே. ஆனால் அது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் விதியைப் பற்றியது. வாடகைக்கு விடுவதாக ஊரறிய விளம்பரம் செய்துவிட்டுத் தலித்துக்கு மட்டும் மறுப்பவரை அது காப்பதாகப் பொருள்கொள்ள முடியாது. 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில், அரசமைப்பின் 15(2) உறுப்பிலுள்ள ‘கடை’ என்னும் சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் தந்து, சேவை வழங்கும் தனியாரையும் அதற்குள் கொண்டுவந்தது. வாடகைச் சந்தைக்கும் அந்தப் பொருள் நீளும் என்று வாதிட இடமிருக்கிறது.

சான்றைத் திரட்டுவது

மறுப்பு பெரும்பாலும் வாய்மொழியாகவும் மரியாதையாகவும் வருகிறது. ‘நேற்றே வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்’ என்பது அதன் வழக்கமான வடிவம். இது பொய் என்று காட்டுவதுதான் வழக்கின் உயிர். அதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, வீட்டு விளம்பரத்தையும் ‘டூ-லெட்’ பலகையையும் நாள், நேரம் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். முதற்பேச்சை இயன்றவரை குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ நடத்துங்கள். தொலைபேசி உரையாடலைப் பதிவுசெய்திருந்தால் அந்தக் கைப்பேசியை மாற்றாமல் பாதுகாத்திடுங்கள். பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் பிரிவு 63 கோரும் சான்றிதழோடு அது நீதிமன்றத்தில் சான்றாகும்.

இரண்டாவது, மறுக்கப்பட்ட அன்றோ மறுநாளோ வேறு சாதியைச் சேர்ந்த நண்பர் ஒருவரை அதே வீட்டுக்கு, அதே வேலை, அதே சம்பளம் என்று சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். அவருக்கு வீடு உண்டு என்றால், அவர் சாட்சி. அமெரிக்காவில் 1968இன் நியாயமான குடியிருப்புச் சட்டத்தைக் கறுப்பின மக்கள் நடைமுறையில் வலுப்படுத்தியது இத்தகைய இணைச் சோதனைகளால்தான். சோதனைக்குச் சென்றவரே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. இங்கு பிரிவு 12இன் அனுமானத்தோடு இத்தகைய ஒரு சாட்சி சேர்ந்தால், எதிரியின் சாக்குகள் எளிதில் நிற்கமாட்டா.

மூன்றாவது, சாதியைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதைச் சொல்லாதிருப்பது ஏமாற்றுவதும் அல்ல, வெட்கப்படுவதும் அல்ல. அடையாளத்துக்கு முகவரியில்லாத பான் அட்டையையும் நிறுவனத்தின் பணி ஆணையையும் முதலில் கொடுக்கலாம்.

நான்காவது, எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாமல் குடியேறாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பில் பதிவுசெய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சட்டத்தில் சொல்லப்பட்ட காரணங்களுக்காக, நீதிமன்ற ஆணை பெற்றே வெளியேற்ற முடியும். சாதி அக்காரணங்களில் இல்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து விரட்டுவதும் தடைசெய்யப்பட்டதே.

ஐந்தாவது, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் மத்தியச் சட்டங்கள், கர்நாடகத்திலும் செல்லும். எல்லைக்கு அப்பால் நடந்த குற்றத்துக்கும் தருமபுரியிலேயே புகார் தரலாம். எல்லை எதுவாயினும் பதிவுசெய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 வழிசெய்கிறது. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566.

இயக்கங்கள் எழுப்ப வேண்டியவை

தனிமனிதர் ஒருவர், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், வீட்டையும் தேடிக்கொண்டு வழக்கையும் நடத்த முடியாது. பெரும்பாலோர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவதற்கு அச்சம் மட்டும் காரணமன்று. நேரமின்மையும் கடனும் காரணங்கள். அம்பேத்கர் வாசகர் வட்டங்களும் மாணவர் அமைப்புகளும் வழக்குரைஞர்களும் சேர்ந்து இணைச் சோதனைகளை முறையாக நடத்தலாம்.

அரசிடம் கேட்பதற்கும் சட்ட அடிப்படை உண்டு. தீண்டாமைத் தடைகள் நிலவும் பகுதிகளைக் கண்டறிவதையும் சட்ட உதவி அளிப்பதையும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 15ஏ அரசின் பொறுப்புகளாகச் சொல்கிறது. அந்தக் கண்டறிதல் கிராமத்துத் தேநீர்க் கடையோடு நின்றுவிடக் கூடாது. நகரத்து அடுக்ககத்துக்கும் போக வேண்டும். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்திலும் 2021இன் மத்திய மாதிரி வாடகைச் சட்டத்திலும் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யும் அதிகார அமைப்பே மறுப்புப் புகாரையும் பெற்று, அபராதமும் இழப்பீடும் விதிக்கும்படி அச்சட்டத்தைத் திருத்தக் கோர வேண்டும். வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்கள், தம் பெயரில் வீட்டை வாடகைக்கு எடுத்துத் தொடக்க மாதங்களுக்கு ஊழியருக்குத் தர வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கையே.

தன் மக்கள் வாழும் பகுதியைத் தேர்ந்து அங்கே குடியிருப்பது எவருக்கும் உரிமை. அங்கே துணையும் பாதுகாப்பும் உண்டு. வேறெங்கும் இடமில்லாததால் அங்கே போக நேர்வது தெரிவாகாது. அது நகரத்துக்குள் கட்டப்படும் இன்னொரு சேரி.