வீல் ஸ்பேசர் விற்பவர் கவனிக்க வேண்டியவை

பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பேரிங் என்று தேய்ந்த பொருளுக்கு மாற்றுக் கேட்டுத்தான் முன்பெல்லாம் வாடிக்கையாளர் நம் படியேறுவார். இப்போது வண்டி நன்றாக இருக்கும்போதே, அதன் தோற்றத்துக்காகப் பொருள் கேட்டு வருகிறார்கள். அவ்வகையில் கேட்கப்படும் ஒன்று வீல் ஸ்பேசர். பார்ப்பதற்கு ஓர் அலுமினிய வட்டு, அவ்வளவுதான். ஆனால் ஓடும் வண்டியின் சக்கரம் கழலாமல் நிற்பது அதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது. எனவே இது அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போடும் சரக்கு அல்ல.

ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் இதை வைத்தால், வட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்குச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் என்றால் இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் 30 மில்லிமீட்டர் கூடும். மட்கார்டுக்குள் ஒடுங்கி நின்ற டயர் விளிம்போடு நேராக நிற்கும். விரும்பி வாங்குகிறவர் கண்ணுக்கு அதுதான் அழகு.

ஸ்போர்ட்ஸ் காரில் இதற்கு நல்ல உதாரணம் போர்ஷே 911. அதில் சில மாடல்களுக்குக் கம்பெனியே 5 மில்லிமீட்டர் ஸ்பேசரைத் தந்திருக்கிறது. ஆகவே ஸ்பேசர் என்றாலே ஆபத்து என்பதும் தவறு. எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்பதும் தவறு. அந்த வண்டியை வைத்தே கணக்கைப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டிய அளவுகள்

"911-க்கு ஒரு ஜோடி" என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாகாது. எந்த ஆண்டு, எந்த மாடல், முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். ஐந்து போல்ட் உள்ள 911-ல் போல்ட் துளைகள் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருக்கும். நடுத்துளை 71.6 மில்லிமீட்டர். போல்ட் 14 மில்லிமீட்டர் கனம், மரை 1.5 மில்லிமீட்டர். 2009-ல் வந்த ஜி.டி.3 போல நடுவில் ஒரே நட் உள்ள வண்டிகளுக்கு இந்த ஐந்து துளை ஸ்பேசர் பொருந்தவே பொருந்தாது.

நடுத்துளையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹப்பின் நடு விளிம்பில் வீல் கச்சிதமாக அமர்ந்தால்தான் நடுமையம் பிசகாது. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று நீள் துளை போட்டு வரும் மலிவுச் சரக்கில் இந்தப் பிடிமானம் கிடையாது. வேகம் கூடும்போது ஸ்டியரிங் உதறும். மெல்லிய ஸ்பேசர் போட்ட பிறகும் ஹப்பின் விளிம்பு வீலைத் தாங்கும் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனமான ஸ்பேசரில் அதற்கே சொந்தமாக விளிம்பு இருக்க வேண்டும்.

அடுத்தது ஆஃப்செட். 997 வகை கரேரா எஸ் வண்டியின் 19 அங்குல முன் வீலில் ஆஃப்செட் 57. அதில் 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் 52 ஆகிவிடும். இப்படிக் கழித்துப் பார்த்து, டயர் மட்கார்டில் உரசுமா என்று அளந்த பிறகே கனத்தை முடிவு செய்ய வேண்டும். வண்டி நிற்கும்போது உரசாதது, பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும் உரசலாம். கனம் கூடக் கூட பேரிங்குக்குப் பாரமும் கூடும். மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் கையை இழுக்கும்.

போல்ட்டே உயிர்நாடி

"ஸ்பேசர் மட்டும் போதும், பழைய போல்ட்டே இருக்கிறது" என்று சொல்லும் வாடிக்கையாளரை நாம் அனைவருமே பார்த்திருப்போம். அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 1.5 மில்லிமீட்டர் மரையில் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் உள்ளே போகும். 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டுப் பழைய போல்ட்டையே முடுக்கினால் பத்துச் சுற்றுப் பிடிமானம் போய்விடும். இந்த அளவு போல்ட் குறைந்தது ஏழரைச் சுற்றாவது பிடிக்க வேண்டும் என்பது தொழில் முறை. ஆகவே ஸ்பேசரின் கனம் எவ்வளவோ, போல்ட்டும் அவ்வளவு நீளம் கூடியதாக இருக்க வேண்டும். அதற்காக அளவுக்கு மீறி நீளமானதைக் கொடுத்தாலும் வம்புதான். ஹப்பைத் தாண்டிப் போய் உள்ளே உள்ள பாகத்தில் இடிக்கும்.

போல்ட் தலையின் இருக்கையும் முக்கியம். போர்ஷே வீலுக்கு உருண்டை இருக்கை. பல வண்டிகளுக்குக் கூம்பு இருக்கை. மாற்றிப் போட்டால் இறுக்கியது போலத் தோன்றும், ஆனால் பிடிப்பு விளிம்பில் மட்டுமே இருக்கும். நாளடைவில் தளர்ந்துவிடும். ஸ்பேசரையும் போல்ட்டையும் ஒரே செட்டாக விற்பதே உத்தமம். ஸ்பேசரை மட்டும் தனியே விற்று மிச்சம் பிடிப்பது லாபமாகாது.

பொருத்தும் முறை

ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிட வேண்டும். ஒரு மணல் அளவு அழுக்கு நின்றாலும் வீல் கோணும். போல்ட்டுகளை முதலில் கையாலேயே சுற்ற வேண்டும். பிறகு நட்சத்திர வரிசையில், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். 997 வகை ஐந்து போல்ட் வண்டிக்கு 130 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையே வேண்டாம். ஒரே அச்சில் இரு பக்கமும் ஒரே கனம்தான் போட வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கம் பார்க்கச் சொல்லி ரசீதிலேயே எழுதிக் கொடுப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஜெர்மனியில்கூடப் பெரும்பாலான ஸ்பேசர்களைப் பொருத்திய பின் வண்டியைக் காட்டிச் சான்று பெற வேண்டும்.

ஆகவே பொதுச் சாலையில் ஓட்டுகிறவரிடம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிறவர் என்றாலும், அளவுகளை அதே கண்டிப்போடு பாருங்கள்.

இவ்வளவும் கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே என்று சிலர் நினைக்கலாம். ஒருவர் போகட்டும். அளவு தெரியாமல் கொடுத்த பொருளால் நெடுஞ்சாலையில் ஒரு சக்கரம் கழன்றால், அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? தெரியாத வண்டிக்கு "நம்மிடம் இல்லை" என்று சொல்லி அனுப்புவதும் வியாபாரத்தின் ஒரு பகுதிதான். அளவைக் கேட்டு, போல்ட்டோடு சேர்த்து, ரசீது போட்டு விற்கும் கடையைத்தான் நல்ல மெக்கானிக் தேடி வருவார்.