பாலைவனத்து வெயிலும் வீட்டு மின்சாரமும்

சூரியன் கூலி கேட்பதில்லை, வரி விதிப்பதில்லை, தவணை தவறினால் விளக்கை அணைப்பதுமில்லை. ஆனால் அவனுடைய கிரணங்களை மின்சாரமாக மாற்றும் பலகைக்கும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும், கம்பிக்கும், இன்வெர்ட்டருக்கும் விலை உண்டு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியவர்களே சூரிய மின்சாரத்தில் ஏமாற்றமடைகிறார்கள். வெயில் மிகுந்த இடத்தில் ஏமாற்றத்துக்கு இடமில்லை என்று எண்ணுவது சகஜம். உண்மை அதற்கு நேர்மாறானது. வெயில் மிகுந்த பாலைவனத்திலேதான் அதிக முன்யோசனை வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ராஜஸ்தானத்தின் மேற்கே ஜோத்பூர், பிகானேர், ஜெய்சல்மேர் முதலிய நகரங்களைத் தன்னகத்தே கொண்ட தார் பாலைவனத்தை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். வானம் இவ்வளவு தெளிவாகவும் வெயில் இவ்வளவு தாராளமாகவும் உள்ள பிரதேசங்கள் நமது தேசத்தில் மிகச் சில. பலோடிக்கு அருகே பட்லா என்னுமிடத்தில் 2,245 மெகாவாட் சக்தியுள்ள சூரிய மின்சார நிலையம் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். அதே பலோடியில் 2016-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி உஷ்ணம் 51 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. மின்சாரத்தைக் கொடுக்கும் வெயிலும், அதைக் குறைக்கும் உஷ்ணமும் ஒரே ஊரில் குடியிருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பட்லா போன்ற பெரிய நிலையங்களுக்குக் கணக்குப் பார்க்க இஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் குடும்பஸ்தருக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரியப் பலகைகளை ஏற்றுவது என்று மத்திய சர்க்கார் 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. அதன்படி 3 கிலோவாட் சாதனத்துக்கு 78,000 ரூபாய் உதவித் தொகை நிர்ணயிக்கப்பட்டது. உதவி நல்லதே. ஆனால் ‘இலவச மின்சாரம்’ என்ற சொல் திட்டத்தின் பெயரிலேயே ஒட்டிக் கொண்டிருப்பது ஜனங்களைச் சற்று மயக்கக் கூடியது. உதவித் தொகை போக மிஞ்சிய செலவு குடும்பத்தின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். அல்லது கடனாக வர வேண்டும். இருபத்தைந்து வருஷம் உழைக்க வேண்டிய பொருளை இருபத்தைந்து நிமிஷப் பேச்சில் வாங்குவது விவேகமாகுமா?

முதலில் உஷ்ணத்தின் கணக்கைப் பார்ப்போம். பலகையின் பின்புறத்தில் எழுதியிருக்கும் சக்தி, பரிசோதனைச் சாலையில் அளந்த சக்தி. அங்கே பலகையின் உஷ்ணம் 25 டிகிரி. ஜோத்பூரில் மே மாத நடுப்பகலில் காற்றின் உஷ்ணம் 45 டிகிரியாக இருந்தால், கூரையின் மேலுள்ள பலகை 70 டிகிரி வரை காய்ந்துவிடும். சாதாரணமாக வழங்கும் பலகைகளில், 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 பங்கு வரை சக்தி குறைகிறது. 0.35 என்று வைத்துக் கொண்டால், 45 டிகிரி ஏற்றத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 16 பங்கு நஷ்டம். 3,000 வாட் என்று விலை கொடுத்து வாங்கியது அந்நேரத்தில் 2,500 வாட் அளவில் நின்றுவிடும். ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன் இந்த உஷ்ணக் குறைவின் விகிதத்தைக் கேட்க வேண்டும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அந்தப் பலகை பாலைவனத்துக்கு ஏற்றது.

பலகையைப் பொருத்தும் முறையும் இதைச் சார்ந்ததே. கூரையோடு ஒட்டிப் படுக்க வைத்தால் அடியில் காற்றோட்டமில்லாமல் உஷ்ணம் இன்னும் ஏறும். அடியில் நல்ல இடைவெளி விட்டு, தெற்கு நோக்கி, ஏறக்குறைய அவ்வூரின் அட்சரேகை அளவான 26 டிகிரி சாய்வில் நிறுத்துவது பொதுவான முறை. இதனால் வேறொரு லாபமும் உண்டு: பலகையின் நிழலில் கூரை குளிர்கிறது, கூரை குளிர்ந்தால் அதன் கீழுள்ள அறையும் சற்றுத் தணிகிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். கோடைகாலத்தில் மொட்டை மாடியில் படுத்துறங்கும் குடும்பங்கள் உயரமான சட்டம் கேட்பார்கள். கேட்பது நியாயமே. ஆனால் சட்டம் உயர உயர, ‘ஆந்தி’ என்று அங்கே வழங்கும் புழுதிப் புயலின் வேகத்தை அது தாங்கியாக வேண்டும். கற்பலகை பாவிய கூரைகளில் கண்டபடி துளையிட்டால் கல் வெடிக்கும், மழைக்கு ஒழுகும். எங்கே ஆணி இறக்குவது, எங்கே பாரம் வைத்து நிறுத்துவது என்பதைக் கட்டட வேலை தெரிந்தவரே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது சத்துரு புழுதி. ஒரு புயல் அடித்து ஓய்ந்தால் கண்ணாடியின் மேல் ஒரு படலம் படிந்துவிடுகிறது. மழை வந்து கழுவட்டும் என்று இருந்துவிடலாமா? ஜெய்சல்மேரில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை மிகவும் குறைவு. மழையை நம்பிப் பயனில்லை. கையைத்தான் நம்ப வேண்டும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மணல் கண்ணாடியைக் கீறும். நடுப்பகலில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கொதிக்கும் கண்ணாடி விரிசல் காணக்கூடும். உப்பு மிகுந்த கிணற்று நீரால் கழுவினால் வெள்ளைக் கறை படிகிறது. விடியற்காலையில் மெல்லிய தூரிகையும் நன்னீரும் கொண்டு கழுவுவதே முறை. தார் பிரதேசத்து ஜனங்கள் கூரை நீரையும் முற்றத்து நீரையும் ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டியில் சேர்த்து வைப்பது வெகுகாலப் பழக்கம். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட பிரதேச ஆராய்ச்சி நிலையத்தார், பலகைகளின் மேல் விழும் மழை நீரையே சேகரித்து, பலகைகளைக் கழுவவும் பயிருக்குப் பாய்ச்சவும் வழி செய்திருக்கிறார்கள். முன்னோரின் தொட்டியும் இக்காலத்துப் பலகையும் ஒன்றுக்கொன்று துணையாகலாம் என்பதை இது காட்டுகிறது. ஆனால் கழுவுவதற்கு ஏணி எங்கே, நடக்க வழி எங்கே என்பதைப் பலகை ஏற்றும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் வெயில்படத் தொங்கவிடுவது பெருந் தவறு. உஷ்ணம் மிகுந்தால் அது தன்னைக் காத்துக் கொள்வதற்காகத் தன் வேலையைத் தானே குறைத்துக் கொள்கிறது. நிழலும் காற்றும் உள்ள இடத்தையே அதற்கு ஒதுக்க வேண்டும். ஈய பாட்டரி வைப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் சுமார் 10 டிகிரி நிரந்தரமாக ஏறினால் அதன் ஆயுள் பாதியாகிறது. காய்ந்த மணலில் பூமி இணைப்பும் எளிதில் சரியாக அமையாது. ஆழமாகப் பதித்து, அளந்து பார்த்த பிறகே ஒப்புக் கொள்ள வேண்டும். பாலைவனம் வெயிலுக்கு மட்டும் பெயர் போனதல்ல என்பதையும் மறக்கலாகாது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிரில் பலகைகளின் வோல்டேஜ் உயர்கிறது. எத்தனை பலகைகளைத் தொடராக இணைக்கலாம் என்பதை அந்தக் குளிரை வைத்தே கணக்கிட வேண்டும். இல்லையேல் இன்வெர்ட்டர் பழுதாகிவிடும்.

இவ்வளவும் பலகையைப் பற்றியது. வீட்டைப் பற்றிய கேள்வி இதற்கும் முந்தியது. எவ்வளவு மின்சாரம் தேவை? பன்னிரண்டு மாத மின்சார ரசீதுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். வறண்ட காற்றில் நீரால் குளிர்விக்கும் கூலர் நன்றாக வேலை செய்கிறது; ஏ.ஸி. யந்திரத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் அதற்குச் சிறு பங்கே போதும். முதலில் செலவைக் குறைத்து, பிறகு சாதனத்தின் அளவைத் தீர்மானிப்பவர் பணத்தை மிச்சப்படுத்துகிறார். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 முதல் 5 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் வாக்களிக்கும் வியாபாரியிடம் அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள். பாட்டரியில்லாமல் ஊர்க் கம்பியோடு இணைத்த சாதனம், ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தலைக்கு மேல் வெயில் கொளுத்த, பலகையும் பளபளக்க, வீட்டில் விசிறி சுழலாமல் நிற்கும். மின்தடை அடிக்கடி நேரும் ஊரில் வசிப்பவர், பாட்டரிக்கும் சேர்த்துச் செலவு செய்வதா என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துக் கொள்ள வேண்டும்.

சுதேசி விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. இத்திட்டத்தின் உதவித் தொகையைப் பெற, இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டு இந்தியாவிலேயே தயாரித்த பலகைகளைத்தான் பொருத்த வேண்டும் என்பது விதி. சூரியப் பலகைத் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் சீனாவின் கையில் இருப்பதாக சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் 2022-ம் வருஷத்தில் தெரிவித்தது. ஒரே தேசத்தை நம்பி உலகமே விளக்கேற்றுவது யாருக்கும் க்ஷேமமல்ல. ஆகையால் விதி நியாயமானதே. ஆயினும் சுதேசி என்ற பெயருக்காக மட்டமான சரக்கைச் சகித்துக் கொள்ள வேண்டியதில்லை. தரத்தைக் கேட்டு வாங்குவதே சுதேசித் தொழிலுக்குச் செய்யும் உண்மையான உபகாரம்.

பாலைவனத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் யோசனைக்குத்தான். உஷ்ணக் குறைவு எவ்வளவு? புயலைத் தாங்குமா? கழுவ நீர் எங்கே? இன்வெர்ட்டருக்கு நிழல் எங்கே? பத்து வருஷம் கழித்து அதை மாற்ற நேர்ந்தால் பணம் எங்கே? பழுதானால் எத்தனை நாளில் வந்து பார்ப்பீர்கள்? இக்கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிற குடும்பஸ்தர் தம் கூரைக்குத் தாமே எஜமானர். கேட்கக் கூச்சப்படுகிறவரோ, கூரையை மட்டுமல்ல, சேமிப்பையும் பிறர் கையில் ஒப்படைத்தவராகிறார். நமது தேசபக்தர்கள் கிராமந்தோறும் சென்று ஜனங்களுக்குப் போதிக்க வேண்டிய விஷயங்களில் இந்தக் கணக்கும் ஒன்று.